யாருக்கும் விளங்காத மொழி ஒன்றைத் தேடித் தந்தவர்களுக்கு

திருகோணமலை உறவுகளுக்கு வணக்கம்.

ஆறு மாதமாக உங்களில் பலரை மறித்து நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "உங்களுக்குக் கொஞ்சமும் விளங்காத மொழி எது?" தேநீர் தந்து, இருக்கச் சொல்லி, என்னோடு சேர்ந்து யோசித்தீர்கள். அந்தத் தேடல் போன கிழமை முடிந்துவிட்டது. எல்லோர் வீட்டுக்கும் வந்து நன்றி சொல்ல ஏலாது என்பதால் இந்த மடல்.

ஏன் அப்படி ஒரு மொழி தேவைப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கல்யாண வீடுகளில் என் அம்மம்மா ஒரு மூலையில் ஒதுங்கி இருப்பார். கேட்டால், "சத்தம் கேக்குது பிள்ளை, சொல்லுத்தான் விளங்குதில்லை" என்பார். செவிப்புலன் குறைந்த முதியவர்கள் பலரும் சொல்வது இதையேதான். பக்கத்தில் மின்விசிறி இரைந்தால் அந்த இரைச்சல் காதுக்குள்ளேயே சொல்லை மூடுகிறது. பக்கத்தில் இரண்டு பேர் கதைத்தால், மூடுவதோடு நிற்காமல் மனதையும் அங்கே இழுக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி, பின்னால் ஒலிக்கும் பேச்சைக் கேட்பவருக்குத் தெரியாத மொழியில் வைப்பது. 1953இல் கொலின் செரி என்ற ஆய்வாளர் செய்த பரிசோதனையில், ஒரு காதில் வந்த ஆங்கிலத்தைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள், மற்றக் காதில் வந்தது ஜேர்மனாக மாறியதைக்கூட அறியவில்லை. வயதான காதுக்கும் அப்படி ஒதுக்கிவிட முடியுமா என்பதைத்தான் நான் பார்க்கப்போகிறேன்.

ஆனால் துறைமுகப் பட்டினத்தில் தெரியாத மொழி தேடுவது லேசான வேலை இல்லை. சிங்களம் நம்மில் பலருக்கு அன்றாடப் பேச்சு. ஹிந்தி படத்தில் வந்துவிடுகிறது. மலையாளம் பாதி விளங்கும். அரபு, கிண்ணியாவிலும் மூதூரிலும் வளைகுடா போய் வந்தவர்களுக்குப் பழக்கம். சரி, கொரிய மொழி என்று முடிவெடுத்தேன். ஓட்டோ அண்ணா ஒருவர் அங்கே வேலை செய்தவராம், எனக்கே கொரிய மொழியில் வணக்கம் சொன்னார். போர்த்துக்கேயம் என்றால் பறங்கியர் வீடுகளில் அதன் சாயல் இன்னும் இருக்கிறது. இப்படி நீங்கள் ஒவ்வொன்றாகத் தட்டிக் கழித்ததால்தான் கடைசியில் பின்னிஷ் மொழிக்கு வந்து சேர்ந்தேன். பின்லாந்து போனவர் யாரும் அகப்படவில்லை.

முதல் நன்றி வானொலி அஞ்சல் நிலையத்து ஐயாவுக்கு. ஜேர்மன் வானொலியான டொய்ச்ச வெல 2013 வரை இங்கே தன் ஒலிபரப்பை வாங்கித் திரும்ப அனுப்பும் அஞ்சல் நிலையம் வைத்திருந்தது ஊரில் பலருக்கு நினைவிருக்கும். அங்கே வேலை பார்த்த ஐயா, பிஸ்கட் டின் நிறைய ஜேர்மன் கசட்டுகளைக் கொண்டு வந்தார். போட்டுக் கேட்டோம். சிற்றலையில் வந்த குரல். மேல் சுருதி எல்லாம் வெட்டுப்பட்டு, 'ஸ'வும் 'ஷ'வும் ஒன்றாகக் கிடந்தன. "இது உனக்குச் சரிவராது பிள்ளை" என்று அவரே சொன்னார். ஆனாலும் விட்டுப் போகவில்லை. பேச்சின் நடுவே நீளும் மௌனங்களை வெட்டச் சொன்னார். அந்த இடைவெளியில் கேட்பவர் சொல்லைப் பிடித்துவிடுவார் என்பது அவருக்கு எந்தப் பாடநூலும் இல்லாமலே தெரிந்திருந்தது. 1994இல் 12 மொழிகளின் பேச்சில் எந்தச் சுருதியில் சராசரியாக எவ்வளவு ஒலி இருக்கிறது என்று ஒப்பிட்டு ஓர் ஆய்வு வந்தது. மொழிகளுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லை என்றது. அதில் சிங்களம் இருக்கிறது, தமிழ் இல்லை. அதனால் என் தமிழ் வாக்கியங்களையும் பின்னிஷ் பதிவையும் ஐயாவும் நானும் இரண்டு இரவு உட்கார்ந்து ஒப்பிட்டுச் சமப்படுத்தினோம்.

லிப்ரிவொக்ஸ் தொண்டர்களுக்கும் நன்றி. பதிப்புரிமை முடிந்த நூல்களை 2005 முதல் ஊதியமில்லாமல் வாசித்து, யாரும் எடுத்துக்கொள்ள வைத்திருக்கிறார்கள். என் முதல் பின்னிஷ் குரல் அங்கே கிடைத்தது.

இரண்டாவது குரல் உப்புவெளியில் தங்கியிருந்த ஒரு பின்லாந்துப் பெண்மணியுடையது. விடிய நாலரை மணிக்கு, மெத்தைகளைச் சுவரில் சாய்த்து, பிரிட்ஜின் வயரைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தோம். தங்குமனை மாமி தண்ணீர் மோட்டாரை நிறுத்தி, வாசலில் நாய்க்குக் காவல் நின்றார். உலகெங்கும் மொழியியலாளர்கள் வாசிக்கக் கொடுக்கும் வாடைக்காற்றும் சூரியனும் கதையைத்தான் அவரும் முதலில் வாசித்தார். வெளியே கச்சான் காற்று தகரத்தைத் தட்டியது; மூன்று முறை நிறுத்தி மறுபடி தொடங்கினார், முகம் சுளிக்கவே இல்லை. அது ஒரு நிமிடக் கதை. எனக்கு இருபது நிமிடம் வேண்டும் என்றதும், போனில் இருந்த பழைய நூலொன்றைத் திறந்து வாசித்துக்கொண்டே போனார்.

அப்புறம் தேநீர் குடிக்கும்போது சொன்னார்: 'துலி' என்றால் நெருப்பு, 'தூலி' என்றால் காற்று, 'துல்லி' என்றால் சுங்கம். நான் 'படு, பாடு, பட்டு' என்று சொல்லிக் காட்டினேன். இருவருக்கும் அவ்வளவு சந்தோஷம். பதிவை முன்னோட்டமாகக் கேட்ட சல்லி ஊர் மீனவ ஐயா ஒருவரும் ஹெட்போனைக் கழற்றியபடி, "ஒண்டும் விளங்கல்ல, ஆனா எங்கட ஆக்கள் மாதிரி நீட்டிக் குறுக்கித்தான் கதைக்கிறாங்க" என்றார். மொழி எது என்று நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

அந்தப் பெண்மணி, தன் குரலை மற்ற ஆய்வு மாணவர்களும் பயன்படுத்தலாம் என்று கையெழுத்திட்டுத் தந்திருக்கிறார். தேவையானவர்கள் என்னிடம் கேளுங்கள், தருகிறேன். அடுத்த மாதம் கேட்டல் பரிசோதனைக்கு வர ஒப்புக்கொண்ட முதியவர்கள் அனைவருக்கும், அவர்களைக் கூட்டிவரப்போகும் பிள்ளைகளுக்கும் முன்கூட்டியே என் நன்றி.

ஐயா, உங்கள் கசட்டுகள் டின்னோடு பத்திரமாக இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
செவிப்புலன் ஆய்வு மாணவி
திருகோணமலை