ஈயை விழுங்கிய வானியல்காரர்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. கண்புரை ஆபரேஷன் ஆனதில் பத்து நாள் பேனாவைத் தொடவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

வானொலியில் அறிவியல் பேசக் கூப்பிட்டதற்கு, "காலேஜ் பக்கமே போகாத எனக்கு என்ன தகுதி" என்று இழுத்திருக்கிறாயே! இங்கிலாந்தில் டிவியில் வானியல் பேசிப் பேர் வாங்கிய பேட்ரிக் மூர் எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தார்? போர்க்காலத்தில் விமானப்படை, அப்புறம் பள்ளிக்கூட வாத்தியார் வேலை. வானியல் முழுக்கச் சொந்தமாகக் கற்றது. 1957 ஏப்ரலில் ஒரு வால்நட்சத்திரம் வானத்தில் தெரிந்துகொண்டிருந்தபோது பிபிசி டிவியில் 'தி ஸ்கை அட் நைட்' என்ற வானியல் நிகழ்ச்சியை ஆரம்பித்தார். மாதம் ஒரு தடவை. 2012 டிசம்பரில் சாகிற வரைக்கும் அவர்தான் நடத்தினார். 55 வருஷத்தில் ஒரே ஒரு மாதம்தான் வரவில்லை, 2004 ஜூலையில். வாத்து முட்டை சாப்பிட்டு வயிறு கெட்டுப்போனதாம்.

நேரலையில் பேசிக்கொண்டிருக்கும்போது வாய்க்குள் ஒரு ஈ புகுந்துவிட்டது. மனுஷன் அப்படியே விழுங்கிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். உனக்குச் சங்கடம்தான், ஆனால் ஈயின் பாடு அதைவிட மோசம் என்று அவர் அம்மா பிற்பாடு சொன்னாராம்.

தப்பும் செய்தவர்தான். நிலாவிலுள்ள பள்ளங்கள் எரிமலையால் வந்தவை என்று வெகுகாலம் வாதாடினார். விண்கற்கள் மோதி வந்தவை என்று ஆனது. அதனால் யாரும் டிவியை அணைத்துவிடவில்லை. (அரசியல் பேசினால் மட்டும் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும்.) நேயர் கடிதங்களுக்கெல்லாம் 1908ஆம் வருஷத்துத் தட்டச்சு இயந்திரத்தில் தானே பதில் அடிப்பார். பட்டத்தை யார் கேட்டார்கள்?

நீ அனுப்பிய முதல் உரையைப் படித்தேன். கருந்துளைக்கு இலக்கணம் சொல்லி ஆரம்பிக்கிறாய். இரண்டாவது நிமிடம் ஆள் எழுந்து போய்விடுவான். அன்றைக்கு ராத்திரி வெளியே வந்து நின்றால் எது தெரியுமோ, அதில் ஆரம்பி. கருந்துளை ஆறாவது வாரம் வரட்டும். பெரிய தொலைநோக்கி வாங்கச் சொல்லியும் பயமுறுத்தாதே, முதலில் பைனாகுலர் போதும் என்றுதான் மூரும் சொல்வார்.

நேற்று பௌர்ணமி. நானும் பைனாகுலரை எடுத்தேன். நிலாவின் தென்பக்கம் டைக்கோ என்கிற பள்ளத்திலிருந்து வெள்ளை வெள்ளையாகக் கீற்றுகள் ஓடுவது, உரித்த ஆரஞ்சின் காம்புப் பக்கம் மாதிரி, அவ்வளவு துல்லியம். இத்தனை வருஷம் மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறேன் போல.

என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று எழுது.

உன்,
ராஜன்