புது கேம் ஷாஃப்ட் கெடுவது முதல் 20 நிமிடத்தில்

ஆசிரியருக்கு,

நீலகிரியில் பழைய அம்பாசடர், பத்மினி, பெட்ரோல் ஜீப் வைத்திருப்பவர்கள் ஏற்றத்தில் இழுவை போதவில்லை என்று, எஞ்சின் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டை மாற்றி, வால்வுகளை இன்னும் அதிகமாகத் தூக்கும் ஹை லிஃப்ட் கேம் ஷாஃப்ட் போடுகிறார்கள். சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் அதன் லோப் (வால்வைத் தூக்கும் மேடு) தேய்ந்து, டேப்பட் (லோப்பின் மேல் உட்கார்ந்து அந்தத் தூக்கலை வால்வுக்குக் கடத்தும் உருளை) குழிந்துவிடுகிறது. பழி ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் மேல் விழுகிறது. பெரும்பாலும் கோளாறு பாகத்தில் இல்லை. மாட்டியபின் முதல்முறை ஓடவிட்ட விதத்தில் இருக்கிறது.

இந்த எஞ்சின்களில் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட் வீசியடிக்கும் ஆயில்தான் லோப்புகளை நனைக்கிறது. ஸ்லோவில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காத வேகத்தில்) அது போதாது. வால்வு ஸ்பிரிங்கின் முழு அழுத்தமும் லோப்பின் மூக்கில் இறங்குவதும் அந்த வேகத்தில்தான். டிசம்பர் குளிரில், பெட்ரோலைக் கூட்டும் சோக்கை இழுத்துவிட்டு ஸ்லோவில் சூடேற்றினால் பெட்ரோலும் ஆயிலில் கலக்கிறது. புது கேம் அங்கேயே முடிந்துபோகும்.

லோப்பிலும் டேப்பட்டின் அடியிலும் மாலிப்டினம் கிரீஸ் தடவி, ஆயில் பிரஷர் கேஜ் துளை வழியாக ஆயிலைப் பம்ப் செய்து நிரப்பவேண்டும். கார்புரேட்டரில் பெட்ரோல், இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) இரண்டையும் முன்பே சரிபார்த்தால் முதல் செல்ஃபிலேயே பிடித்துக்கொள்ளும். திரும்பத் திரும்ப செல்ஃப் அடித்தால் கிரீஸ் வழித்துப் போய்விடும். பிடித்ததும் நேராக 2,000 ஆர்.பி.எம்.; பிறகு 2,500 வரை ஏற்றி இறக்கி 20 முதல் 30 நிமிடம். சூடு ஏறினால் அணைத்து, ஆறவிட்டு, மிச்ச நேரத்தை முடிக்கலாம். இரட்டை ஸ்பிரிங் இருந்தால் அதுவரை உள் ஸ்பிரிங்கைப் போடக்கூடாது. முடிந்ததும் ஆயில், ஃபில்டர் இரண்டையும் மாற்றவேண்டும்.

புது கேமுக்குப் பழைய டேப்பட் போடவே கூடாது. டேப்பட்டின் அடி மிக மெல்லிய அளவில் குவிந்திருக்கும், லோப் சற்றே சாய்வாக இருக்கும். அதனால்தான் டேப்பட் சுழன்றுகொண்டே ஏறி இறங்குகிறது. சுழலாத டேப்பட் ஒரே இடத்தில் உரசி லோப்பைத் தின்றுவிடும். லேத்தில் தட்டையாகத் தேய்த்துத் தரும் டேப்பட்டும் அப்படியே. ஒரு டேப்பட்டின் பக்கவாட்டை இன்னொன்றின் அடியில் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள்: ஓரங்களில் இடைவெளி தெரிந்தால் நல்லது, நடுவில் தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். பழைய கேமையே அரைத்து லிஃப்ட் ஏற்றுவதில் மேலுள்ள கடினமான அடுக்கு போய்விடும். ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் போட்டால், முழு லிஃப்டில் ஸ்பிரிங் சுருள்கள் ஒட்டிக்கொள்ளாமல் மொத்தம் 1.5 மி.மீ. இடைவெளியாவது மிஞ்சவேண்டும்.

ஆயிலிலும் கவனம் தேவை. 5டபிள்யூ-30 போன்ற இன்றைய பெட்ரோல் கார் ஆயில்களில், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்காக, தேய்மானத்தைத் தடுக்கும் பாஸ்பரஸை 800 பி.பி.எம்.முக்குள் (பத்து லட்சத்தில் 800 பங்கு) கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். கன்வர்ட்டர் இல்லாத பழைய வண்டிக்கு 15டபிள்யூ-40, சிஐ-4 தர டீசல் ஆயில் பொருந்தும்.

டேப்பட் கேப் (வால்வுக்கு விடும் சிறு இடைவெளி) வைத்த சில நாளிலேயே மறுபடி கூடுகிறதா? அது லோப் தேய்வதன் அடையாளம். டயல் கேஜ் வைத்து டேப்பட் மேலே தள்ளும் ஒவ்வொரு புஷ் ராடின் ஏற்றத்தையும் அளந்தால் எது குறைந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

உண்மையில் இந்த மலைக்கு ஹை லிஃப்ட் கேமே அவசியமில்லை. ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் பெட்ரோல் கலவை தடித்துப்போகும், அதாவது காற்றுக்கு அளவுக்கு மிஞ்சிய பெட்ரோல் சேரும். கார்புரேட்டரில் சிறிய ஜெட் (பெட்ரோல் வரும் துளை) போட்டு, இக்னிஷன் டைமிங் சரிசெய்தாலே பாதிக் குறை தீரும். பெரிய கேம் இழுவையை மேல் ஆர்.பி.எம்.முக்குத் தள்ளிவிடும், ஹேர்பின் வளைவில் தேவைப்படுவதோ கீழ் இழுவை.

அக்கம்பக்கத்தார் சத்தத்துக்குச் சண்டை பிடிப்பார்கள் என்றுதான் பல பட்டறைகளில் இந்த 20 நிமிட ஓட்டத்தைத் தவிர்க்கிறார்கள். பட்டறைக்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டு, பகல் நேரத்தில், திறந்த இடத்தில் செய்யட்டும். வண்டிக்காரரும் அப்போது கூடவே நின்று பார்ப்பது நல்லது.

இப்படிக்கு,
பழைய வண்டி மெக்கானிக்குகள்,
குன்னூர்.