நான்கு வார விடுப்பும் நாப்பியும்

ஆசிரியருக்கு,

சிங்கப்பூரில் 1961ல் வந்த மாதர் சாசனம் என்ற சட்டம், முஸ்லிம் அல்லாதோரிடையே பலதார மணத்துக்கு முடிவு கட்டியது. சட்டத்தால் குடும்ப வழக்கங்களை மாற்ற முடியும் என்பதற்கு அதுவே போதும்.

ஆனால் வீட்டுக்குள்? 2025 ஏப்ரல் 1 முதல் பிறந்த சிங்கப்பூர்க் குடியுரிமைக் குழந்தையின் தந்தைக்கு, தகுதியிருந்தால், முதலாளி நான்கு வார விடுப்பு தந்தே ஆகவேண்டும். என் மருமகனும் எடுத்தார். நாப்பி மாற்றக் கற்றுக்கொண்டார், சரி. இரண்டாம் வாரமே மேலாளரிடமிருந்து வாட்ஸ்அப்: "எப்போது திரும்புவீர்கள்?" பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவரோ, "ஆம்பளைக்கு வீட்டில் என்ன வேலை?" என்றார். சொன்னவர் ஒரு பெண். நானும் வாயைத் திறக்கவில்லை.

விடுப்பு எடுத்தவர்களைப் பதவி உயர்வில் ஓரங்கட்டுகிறார்களா என்று மனிதவள அமைச்சு நிறுவனங்களைக் கேட்கட்டும்.

ஒரு மாமியார்,
ஈசூன்