கொலஸ்ட்ராலும் ரேஷன் பாமாயிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் கூடியிருப்பதாகத் தெரிந்ததும் எங்கள் மதுரைப் பக்கத்துக் குடும்பங்களில் முதலில் நிறுத்தப்படுவது முட்டைதான். மாதாமாதம் வாங்கும் சமையல் எண்ணெயைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. தாவர எண்ணெயில் கொலஸ்ட்ரால் கிடையாது என்று கடைக்காரர் சொல்வது உண்மையே. ஆனால், நம் உடலிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியைக் கல்லீரல் உள்ளிட்ட உறுப்புகளே உருவாக்குகின்றன; நெய், வெண்ணெய் போன்றவற்றில் மிகுந்துள்ள நிறைவுற்ற கொழுப்பு உணவில் மிகும்போது, கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல்லை ரத்தத்திலிருந்து அகற்றும் கல்லீரலின் திறன் குறைகிறது. எனவே எந்த எண்ணெயில் சமைக்கிறோம் என்பது, வாரத்தில் எத்தனை முட்டை சாப்பிடுகிறோம் என்பதைவிடப் பெரிய கேள்வி.

ரேஷன் கடையில் குடும்ப அட்டைக்கு மாதம் 1 லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்குக் கிடைக்கிறது. விலைவாசி உயர்ந்துள்ள இந்நாளில் அது ஏழைக் குடும்பங்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதை நான் நன்கறிவேன். ஆயினும் பாமாயிலில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. கடலை எண்ணெயில் அது ஐந்தில் ஒரு பங்கு அளவே, நல்லெண்ணெயில் அதனினும் குறைவு. பாமாயிலுக்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெய் வழங்க வேண்டும் என்று தென்னை விவசாயிகள் கேட்கின்றனர். வாடிப்பட்டி, சோழவந்தான் பகுதித் தென்னை விவசாயிகளின் சிரமம் எனக்கும் கவலை தருவதே. ஆனால் தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு என்பதால், இதயநலம் கருதினால் அது சரியான மாற்றாகாது.

எண்ணெயை மாற்றினால் மட்டும் போதும் என்று நான் கூறவில்லை. இரவில் புரோட்டாவும் சால்னாவும், ஞாயிறுதோறும் சுக்காவும் குடலும் என்றிருப்போர் அவற்றைக் குறைத்தே ஆக வேண்டும். கொள்ளு, தட்டைப்பயறு, வெந்தயம், வெண்டைக்காய், கொய்யா போன்றவற்றிலுள்ள கரையும் நார்ச்சத்து, கொழுப்பைச் செரிக்கக் கொலஸ்ட்ராலிலிருந்து கல்லீரல் தயாரிக்கும் பித்த அமிலங்களைக் குடலில் பற்றி வெளியேற்றுகிறது. புதிய பித்த அமிலம் தயாரிக்க, கல்லீரல் ரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது. இதற்கு விலை உயர்ந்த ஓட்ஸ்தான் வேண்டும் என்பதில்லை.

நடைப்பயிற்சியைப் பொறுத்தவரை, வாரத்துக்கு 150 நிமிடம் என்பதே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் குறைந்தபட்ச அளவு. அது எல்டிஎல்லைச் சற்றே குறைத்தாலும், ரத்தத்திலுள்ள மற்றொரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடைக் குறைப்பதிலும் நல்ல கொலஸ்ட்ராலை உயர்த்துவதிலும் உதவுகிறது. வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி அதிகாலையில் நடப்போரைக் காணும்போது மகிழ்ச்சியாக உள்ளது; காலையில் சமையலையும் வேலையையும் விட்டு வர இயலாத பெண்கள் மாலையில் அச்சமின்றி நடக்க, வெளிச்சமுள்ள நடைபாதைகள் ஒவ்வொரு வார்டிலும் தேவை. மருத்துவர் மாத்திரை எழுதித் தந்திருந்தால், உணவை மாற்றிவிட்டோம் என்று தாமாகவே அதை நிறுத்தக் கூடாது. பரம்பரையாகக் கொலஸ்ட்ரால் கூடியிருப்போருக்கு உணவுக் கட்டுப்பாடு மட்டும் போதாது.

பாமாயிலுக்கு அளிக்கும் மானியத்தைப் படிப்படியாகக் கடலை எண்ணெய்க்கும் நல்லெண்ணெய்க்கும் மாற்றுவது குறித்து அரசு பரிசீலிக்க வேண்டும். உடனடியாக இயலாது எனில், விரும்பும் அட்டைதாரர்கள் 1 லிட்டர் பாமாயிலுக்குப் பதிலாக அரை லிட்டர் கடலை எண்ணெய் பெறும் வாய்ப்பையாவது வழங்க வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
செல்லூர், மதுரை.