சந்தாதாரர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள சந்தாதாரர்களுக்கு வணக்கம்.

போன இதழ் ஏன் மூன்று வாரம் தாமதம் என்று பலர் கேட்டிருந்தீர்கள். பக்கம் வடிவமைத்துவந்த தம்பி வேறு வேலைக்குப் போய்விட்டார். ஆறு ஆண்டு நம்மோடு இருந்தவர், நல்லபடியாகத்தான் விடைபெற்றார். அவர் இடத்துக்கு ஆள் கிடைக்கும்வரை இரவில் நானே உட்கார்ந்து பக்கம் கட்டுகிறேன். தாமதத்துக்கு மன்னியுங்கள். காகித விலையும் அச்சுக்கூலியும் ஏறியிருப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

ஆனால் இந்த மடலை எழுத வைத்தது வேறு. விளையாட்டு அணிகள் ஊர் மாறுவதைப் பற்றி அந்த இதழில் வந்த கட்டுரையைக் குறித்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. போய்விட்ட அணிக்காக ஊர்மக்கள் பணம் கட்டினார்கள் என்று நாங்கள் கதை விட்டோமாம். தாமதம் என்று திட்டுங்கள், எழுத்துப்பிழை என்று திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். கதை விட்டோம் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துக் கணக்கையே மறுபடி சொல்கிறேன். அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்றை வரவழைக்க அந்த ஊர் பொதுப்பணத்தில் கூரையிட்ட அரங்கம் கட்டியது. 1995இல் ராம்ஸ் அணி வந்தது. கடன்பத்திரம் விற்றுத் திரட்டிய பணத்துக்காக மிசூரி மாநிலம் ஆண்டுக்கு 1.2 கோடி டாலர், நகரம் 60 லட்சம், கவுண்டி 60 லட்சம் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி; அங்கே நகரமும் கவுண்டியும் தனித்தனி நிர்வாகம்) என்று கட்டிவந்தன. குத்தகை ஒப்பந்தத்தில்தான் வினை இருந்தது. 2005, 2015 ஆகிய ஆண்டுகளில் அந்த அரங்கம் லீக்கின் அரங்கங்களில் தரத்தில் முதல் கால்பங்குக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அணி குத்தகையை விட்டுப் போகலாம் என்று ஒரு நிபந்தனை. மற்ற ஊர்கள் புதிதாகக் கட்டக் கட்ட, இது ஒன்றும் செய்யாமலே பின்னால் போய்விடும். 2013இல் இந்தத் தகராறைத் தீர்க்க உட்கார்ந்த நடுவர் குழு அணியின் பக்கம் நின்றது. அணி கேட்ட சீரமைப்புக்குச் சுமார் 70 கோடி டாலர் ஆகும் என்றார்கள், ஊர் மறுத்தது. 2016இல் அணி லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிளம்பியது. தவணை மட்டும் கிளம்பவில்லை, அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் கட்டினார்கள். இதைத்தான் எழுதினோம். இதில் எங்கே கதை?

அணி போனதற்காகச் செயின்ட் லூயிஸ்காரர்கள் வழக்குப் போட்டு 79 கோடி டாலர் வாங்கினார்களே என்று ஒரு நண்பர் கேட்டார். உண்மைதான், 2021இல் சமரசம் ஆனது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வழக்கறிஞர்களுக்குப் போனது. அப்புறம், எல்லா ஊருக்கும் அப்படி வழக்கு கைகூடுவதில்லை.

கலிபோர்னியாவில் இருக்கும் ஓக்லாந்தைப் பாருங்கள். 1995இல் ரெய்டர்ஸ் அணி திரும்பி வருவதற்காக அரங்கத்தைப் பெரிதாக்கச் சுமார் 20 கோடி டாலர் கடன் வாங்கினார்கள். இருக்கை உரிமங்களை (குறிப்பிட்ட இருக்கைக்கு நுழைவுச்சீட்டு வாங்கும் உரிமை) விற்றே கடனை அடைத்துவிடலாம் என்று நம்பினார்கள். நினைத்த அளவு விற்கவில்லை, பாரம் நகரத்தின் மேலும் கவுண்டியின் மேலும் விழுந்தது. 2020இல் அணி லாஸ் வேகாஸ் போனபோதும் பாக்கி இருந்தது. அங்கே புது அரங்கத்துக்கு ஓட்டல் அறை வரியிலிருந்து 75 கோடி டாலர் தர நெவாடா மாநிலம் ஒப்புக்கொண்டிருந்தது.

ஒரு தவறு எங்களுடையது. சியாட்டில் நகரத்தின் கிங்டோம் அரங்கத்தையும் அணி போன கதைகளோடு சேர்த்துவிட்டோம். அங்கே கடைசியாக ஆடிய இரண்டு அணிகளும் அதே ஊரில் புது அரங்கங்களுக்குத்தான் மாறின. 2000இல் இடித்துத் தள்ளிய அந்தக் கட்டடத்தின் கடன் 2015இல்தான் தீர்ந்தது என்பது சரி. வைத்த இடம்தான் தப்பு. சுட்டிக்காட்டிய வாசகருக்கு நன்றி. அடுத்த இதழின் மூன்றாம் பக்கத்தில் திருத்தம் வரும்.

முதல் இதழிலிருந்து சந்தாவை விடாமல் புதுப்பித்துவருபவர்கள், கட்டுரையைப் படித்துவிட்டு இரவு பதினோரு மணிக்கு அழைத்துச் சண்டை போடுபவர்கள், உங்களால்தான் இது நடக்கிறது. மனதார நன்றி. ஆண்டுச் சந்தாத் தொகையில் மாற்றமில்லை. இதழ் இனி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும்.

முகவரி மாறியவர்கள் இந்த வாரமே தெரிவித்துவிடுங்கள், உறை ஒட்டும் வேலை தொடங்கிவிட்டது.

அன்புடன்,
பதிப்பாளர்