பொல்தாவா ரயிலில் இருந்த அந்த அம்மாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

உக்ரைனில் சூமி நகரத்தில் படித்துக்கொண்டிருந்த என் மகள், போரிலிருந்து தப்பி வீடு வந்து சேர்ந்துவிட்டாள். சூமியில் என்ன நடந்தது என்று டி.வி.யிலும் பேப்பரிலும் எல்லோரும் பார்த்தீர்கள். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் நன்றி பெயர் தெரியாத ஒரு பெண்மணிக்கு. சூமியிலிருந்து பஸ்ஸில் வந்த பிள்ளைகளைப் பொல்தாவாவில் ஏற்றிக்கொண்டு லிவிவ் போன சிறப்பு ரயிலில், என் மகள் இருந்த பெட்டிக்கு அவர்தான் பொறுப்பு. அந்த ஊர் ரயில்களில் பெட்டிக்கு ஓர் ஆள் உண்டாம். விரிப்பு கொடுப்பது, வெந்நீர் காய்ச்சி டீ தருவது எல்லாம் அவர் வேலை. பெட்டியின் ஓரத்தில் அவருக்கென்று ஒரு சின்ன அறையும் உண்டு. என் வயதுதான் இருக்கும் அவருக்கு.

ஹாஸ்டலில் தண்ணீர் நின்றுபோய்ப் பனியை அள்ளி உருக்கிக் குடித்த பிள்ளைகள் அவர்கள். என் மகளின் காலுறை நனைந்து, விரலெல்லாம் வீங்கி, நடக்க முடியாமல் ஏறியிருக்கிறாள். அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டுத் தன் அறைக்கே கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். ஷூவைக் கழற்றி, காலைத் துடைத்து, தன் பையிலிருந்து கம்பளிக் காலுறை எடுத்துப் போட்டுவிட்டிருக்கிறார். உலோகப் பிடி வைத்த கண்ணாடித் தம்ளரில் சர்க்கரை நிறையப் போட்டு டீ. அப்புறம், செத்துக் கிடந்த போனை வாங்கித் தன் அறையில் இருந்த ஒரே பிளக்கில் சொருகினார். ஏற்கெனவே அதில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த தன் போனைக் கழற்றிவிட்டுத்தான் சொருகினார்.

இங்கே எங்களுக்கு விடியக்காலை நாலு மணி. வீடியோவில் பிள்ளை முகம் வந்தது. "அம்மா, ரயில் ஏறிட்டேன்" என்றாள். நான் ஏதோ கேட்டேன். பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உட்கார்ந்தபடி தூங்கிப்போனாள். எத்தனை நாள் தூக்கமோ.

அந்த அம்மா போனை எடுத்தார். கட் செய்யப் போகிறார் என்றுதான் நினைத்தேன். செய்யவில்லை. பிள்ளையைச் சாய்த்துப் படுக்கவைத்து, போர்த்திவிட்டு, அந்தத் தம்ளரில் போனைச் சாய்த்து வைத்தார். வெளியே வெளிச்சம் தெரியக் கூடாது என்று ரயில் விளக்குகளை அணைத்திருந்தார்கள். ஒரு கைவிளக்கின் மங்கல் மட்டும் இருந்தது. அந்த மங்கலில் என் பிள்ளை மூச்சு விடுவதைப் பாளையங்கோட்டையில் உட்கார்ந்து நான் பார்த்தேன். நடுவில் சிக்னல் போகும், அழைப்பு அறுந்துவிடும். மறுபடி நான் கூப்பிட்டால் அவர் எடுப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார், திரும்பவும் தம்ளரில் சாய்த்து வைத்துவிட்டுப் பெட்டியைப் பார்க்கப் போய்விடுவார். வரும்போதெல்லாம் போர்வையைச் சரிசெய்துவிட்டு, என்னைப் பார்த்துத் தலையசைப்பார். நான் தமிழில்தான் பேசினேன். "நல்லா இருப்பீங்கம்மா, உங்க பிள்ளைகுட்டி நல்லா இருக்கணும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். பக்கத்து வீட்டு மைனி என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அழாதட்டி, பிள்ளை தூங்குதா, அதப் பாரு" என்றாள்.

ஊருக்கு வந்த பிறகுதான் மகள் மிச்சத்தைச் சொன்னாள். அந்த அம்மாவின் தாயார், போர் நடக்கும் கார்கிவ் நகரத்தில் தனியாக இருக்கிறாராம். நாலைந்து நாளாகப் போனே எடுக்கவில்லையாம். தாயிடமிருந்து அழைப்பு வராதா என்று காத்திருந்த போனைத்தான் அவர் கழற்றி வைத்தார். இதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தத் தாயார் பேசினாரா, நல்லபடியாக இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

மற்றவர்களையும் சொல்கிறேன். யாராவது விட்டுப்போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். பஸ் ஓட்டிய உக்ரைன் டிரைவர்கள், பொல்தாவாவில் காத்துக்கொண்டிருந்த நம் தூதரகத்து ஆட்கள், செஞ்சிலுவைச் சங்கத்தார், போலந்தில் சூடாக சூப்பும் சிம் கார்டும் கொடுத்த முகம் தெரியாத பிள்ளைகள், பதுங்கு அறையில் கடைசி பிஸ்கட் பாக்கெட்டை என் மகளோடு பங்கு வைத்த பாகிஸ்தான் மாணவி, டெல்லி தமிழ்நாடு இல்லத்தில் சாப்பாடு போட்டுச் சென்னைக்கு ஏற்றிவிட்டவர்கள், எத்தனை தடவை கேட்டாலும் சலிக்காமல் பதில் சொன்ன நம் கலெக்டர் ஆபீஸ் ஊழியர்கள், எல்லோருக்கும் நன்றி. நெல்லையப்பர் கோயிலில் அர்ச்சனை செய்தவர்களுக்கும், மேலப்பாளையத்திலிருந்து துஆ செய்த என் தோழிக்கும், சபையில் ஜெபித்தவர்களுக்கும் நன்றி. "அவ்வளவு தூரத்துக்கு ஏன் படிக்க அனுப்பினீர்கள்" என்று கேட்காமல் வந்து உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தனி நன்றி.

ஒரு விஷயம் மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. ரஷ்யப் படை உக்ரைனிலிருந்து வெளியேற வேண்டும் என்று 2022 மார்ச் 2-ம் தேதி ஐ.நா. பொதுச் சபையில் 141 நாடுகள் வாக்களித்தன. குண்டு நிற்கவில்லை. 7-ம் தேதி பஸ்ஸில் ஏறிய பிள்ளைகளைப் பாதை பத்திரமில்லை என்று திருப்பி இறக்கினார்கள். அன்று ராத்திரி அதே சூமியில் குண்டு விழுந்து குழந்தைகள் உட்படப் பலர் செத்துப்போனார்கள். மறுநாள் 8-ம் தேதி, காலை 9 மணியிலிருந்து இரவு 9 மணிவரை சுட மாட்டோம் என்று இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டன. அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில்தான் என் பிள்ளை உயிரோடு வெளியே வந்தாள். அதற்காக எத்தனை தலைநகரங்களில் எத்தனை பேர் போனும் கையுமாக இருந்திருப்பார்கள்! பன்னிரண்டு மணி நேரம் நிறுத்த முடிந்தவர்களால் பதின்மூன்றாவது மணியும் நிறுத்த முடியும். முடியாது என்று யார் சொன்னாலும் இனி நான் நம்ப மாட்டேன்.

இந்தியா 90 விமானங்களை இயக்கியது. மொத்தம் சுமார் 22,500 பேர் ஊர் திரும்பியிருக்கிறார்கள். அவர்களோடு 18 நாடுகளைச் சேர்ந்த 147 பேரும் வந்தார்கள் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு அந்த 147தான். நம் பிள்ளைகளைப் பிறர் சுமந்தார்கள், பிறர் பிள்ளைகளை நாம் சுமந்தோம். ஆனால் 2022 மார்ச் நடுவிலேயே 30 லட்சம் பேருக்கு மேல் உக்ரைனை விட்டு ஓடியிருக்கிறார்கள். அவர்களுக்குத் திரும்பிப் போக ஒரு பாளையங்கோட்டை இல்லை.

பிறர் பிள்ளைகளைச் சுமப்பது எங்கள் ஊருக்குப் புதிதும் இல்லை. 1890-ல் ஆஸ்க்வித் என்ற அம்மையார் கடல் கடந்து வந்து இங்கே பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். காது கேளாத பிள்ளைகளுக்கு ஸ்வெயின்சன் அம்மையார் தொடங்கினார். இரண்டு பள்ளிகளும் இன்றும் நடக்கின்றன. யாரோ பெற்ற மகள், யாரோ பெற்ற பிள்ளைகளுக்காக இந்த வெயிலில் வந்து கிடந்திருக்கிறாள்.

நான் கணக்கு டீச்சர். என்னால் போரை நிறுத்த முடியாது. கோபாலசமுத்திரத்தில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அங்கே பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வரும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கணக்குச் சொல்லித்தரப் போகிறேன். நான் வேலையில் இருக்கும்வரைக்கும், ஓய்வு பெற்ற பிறகும் சொல்லித்தருவேன். மகளும் உயிரியல் எடுக்கிறேன் என்கிறாள். அவள் படிப்பு என்ன ஆகும் என்று இன்னும் தெரியவில்லை, அது வேறு கவலை. கூட வர நினைக்கும் ஆசிரியர்கள் சொல்லுங்கள், ஆங்கிலத்துக்கு ஆள் வேண்டும்.

இந்த மடலை உக்ரைன் மொழியில் எழுதித் தருகிறேன் என்று மகளின் சீனியர் பையன் ஒப்புக்கொண்டிருக்கிறான். பொல்தாவாவிலும் லிவிவிலும் இன்னும் தொடர்பில் இருக்கும் நண்பர்கள் வழியாக அந்த அம்மாவைத் தேடப் போகிறோம். உங்களில் யாருக்காவது அந்த ரயில்வேயில் ஆள் தெரிந்தால் கேட்டுப் பாருங்கள். காலுறை வெளிர்நீலம், ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டுக் கையால் பின்னியது. அதைச் சொன்னால் அவருக்குத் தெரியும்.

நன்றியுடன்,
ஓர் அம்மா
சமாதானபுரம், பாளையங்கோட்டை