சொல்லாமல் விட்டால் மட்டும் மாத்திரையை விழுங்குவார்களா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மனச்சிதைவு நோய்க்கான மருந்துகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது என்று அழுத்திச் சொல்லியிருந்தது சரிதான். என் அண்ணன் பல வருடங்களாக இந்த மருந்தில்தான் இருக்கிறார். நிறுத்தினால் என்ன ஆகும் என்பது எங்கள் வீட்டுக்குத் தெரியும். ஆனால் பக்கவிளைவுகளை ஒரே வரியில் கடந்துபோனதுதான் உறுத்தியது. விவரமாகச் சொன்னால் பயந்து மருந்தை விட்டுவிடுவார்கள் என்று நினைக்கிறார்கள் போலும். டாக்டர்களில் சிலரும் அப்படித்தான்.

சொல்லாவிட்டாலும் விடத்தான் செய்கிறார்கள். அமெரிக்காவில் ஏறக்குறைய 1,500 பேரிடம் நடத்தி 2005இல் வெளியான பெரிய ஆய்வில், தரப்பட்ட மருந்தை 18 மாதத்துக்குள் 74 சதவீதம் பேர் கைவிட்டார்கள். அதில் மற்றவற்றைவிட அதிக காலம் தொடரப்பட்டது ஒலான்சபின். உடல் எடையை அதிகம் கூட்டியதும் அதுவேதான்! மனசுக்கு ஒத்துப்போகிற மாத்திரை உடம்புக்கும் ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை.

அதற்காக மருந்தே ஆபத்து என்று சொல்ல வரவில்லை. பின்லாந்தில் 62,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை 20 வருடம் வரை பின்தொடர்ந்த ஆய்வு 2020இல் வந்தது. மருந்து எடுத்துக்கொண்ட காலங்களில்தான் இறப்பு குறைவாக இருந்தது. (பதிவேடுகளை வைத்துச் செய்த ஆய்வு, மருந்து எடுக்காதவர்கள் மற்ற சிகிச்சைகளையும் தவிர்த்திருக்கலாம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.) அதிலும் மிகக் குறைவு குளோசபின் என்ற மருந்தில். இதே பின்லாந்தில்தான் 1975இல் குளோசபின் எடுத்த சிலர் ரத்த வெள்ளை அணுக்கள் சரிந்து இறந்தார்கள். பல நாடுகளில் அந்த மருந்து ஓரங்கட்டப்பட்டது. பிறகு எப்படித் திரும்பி வந்தது? தவறாமல் ரத்தம் பரிசோதிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

அந்தக் கண்டிப்பு மற்ற மாத்திரைகளுக்கு ஏன் இல்லை என்பதுதான் என் கேள்வி. எடை, இடுப்பளவு, ரத்த அழுத்தம், சுகர், கொழுப்பு எல்லாவற்றையும் மருந்து தொடங்கும்போதே பார்த்து, சுகரையும் கொழுப்பையும் மூன்று மாதத்தில் மறுபடி, அப்புறம் சுகரை வருடாவருடமும் கொழுப்பைக் குறைந்தது ஐந்து வருடத்துக்கு ஒருமுறையும் பார்க்க வேண்டும் என்று 2004லேயே அமெரிக்க மருத்துவ அமைப்புகள் சேர்ந்து சொல்லிவிட்டன. அண்ணனுக்கு நாங்களாகக் கேட்டுத்தான் சுகர் பார்த்தார்கள். இந்த மருந்துகளால் நாக்கோ உதடோ தானாக அசைகிறதா என்று அவ்வப்போது கவனிக்க வேண்டும். முற்றிவிட்டால் மருந்தை மாற்றினாலும் சிலருக்கு அது போவதில்லை. கால் ஓரிடத்தில் நிற்காமல் தவிப்பதும் பக்கவிளைவாக இருக்கலாம், அதை நோய் கூடிவிட்டது என்று நினைத்து டோஸை ஏற்றிவிடும் ஆபத்தும் உண்டு. ரிஸ்பெரிடோன் என்ற மாத்திரை எடுக்கும் பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோகலாம். கூச்சத்தில் பலர் சொல்வதே இல்லை.

இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிட்டால், தொந்தரவு வரும்போது நோயாளி டாக்டரிடம் போவார். இல்லையென்றால் மாத்திரையைத் தலையணைக்கடியில் வைப்பார். டோஸைக் குறைக்கவும் மருந்தை மாற்றவும் வழி இருக்கிறது, ஆனால் பார்த்துத்தான் செய்ய வேண்டும். பிரிட்டனில் மெல்ல மெல்லக் குறைத்துப் பார்த்த ஆய்விலேயே நோய் திரும்பியவர்கள் அதிகம் என்று 2023இல் எழுதினார்கள்.

அடுத்த கட்டுரையில் இன்னும் இரண்டு விஷயங்களைச் சேருங்கள். குளோசபின் எடுப்பவருக்கு வரும் மலச்சிக்கல் உயிரையே வாங்கக்கூடியது, சும்மா விடக் கூடாது. குளோசபினோ ஒலான்சபினோ எடுப்பவர் சிகரெட்டை நிறுத்தினால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும். நிறுத்துவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி